நாற்பது வயதில் ஒரு ஹால் டிக்கெட்

ரவிக்கைத் துணி கவுன்ட்டரில் நிற்பவளுக்கு முதல் வாரத்திலேயே ஒரு விஷயம் புரிந்துவிடும்: எதிரே நிற்கிற அம்மாவுக்குத் தன் புடவை என்ன நிறம் என்று சொல்லத் தெரியாது, ஆனால் நாம் எடுத்துப் போடுகிற துணி அந்த நிறம் இல்லை என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

மலைக்கோட்டைக்குக் கீழே, தெப்பக்குளத்திலிருந்து இரண்டு நிமிட நடையில் இருக்கிற ஒரு நாலு மாடி ஜவுளிக் கடையின் மூன்றாவது மாடியில், பதினோரு வருஷமாக இந்தக் கவுன்ட்டரில் நிற்கிறேன். என் பெயர் கலாவதி. கடையில் கலாக்கா. என் அலமாரியில் பச்சை மட்டும் நாற்பது வகை இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாலும் கேட்ட பச்சையை எடுத்துவிடுவேன். அப்படிப்பட்டவள் நாற்பது வயதில் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதினேன். நடுவயதில் பரீட்சை எழுதியவர்கள், எழுதப் போகிறவர்கள், எழுதலாமா என்று யோசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தவர்கள் எல்லோரும் கொஞ்சம் கிட்டே வாருங்கள். இது நமக்குள் பேசிக்கொள்கிற பேச்சு. மற்றவர்களும் கேட்கலாம், ஆனால் சிரிக்கும்போது மெதுவாகச் சிரிக்கவும்.

பெட்டியில் இருக்கிறது

ஆடித் தள்ளுபடி முடிந்த வாரம் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். மூன்றாவது மாடி இன்சார்ஜ் அம்மா அடுத்த வைகாசியோடு வேலையை விட்டு நிற்கப் போகிறார்கள், அந்த இடத்துக்கு என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. சந்தோஷத்தில் அப்படி ஆகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அடுத்த வரியில் அந்தச் சூடு வேறு மாதிரி ஆகிவிட்டது. "உங்க அப்ளிகேஷன்ல பத்தாவது பாஸ்னு போட்டிருக்கு. மார்க்ஷீட் ஒரு காப்பி குடுத்துடுங்கம்மா."

நான் பத்தாவது பாஸ் இல்லை. பதினாறு வயதில் கணக்கில் பெயில். அதோடு படிப்பை விட்டுவிட்டேன். கல்யாணத் தரகரிடம் அப்பா 'பத்தாவது பாஸ்' என்றார், நான் மறுத்துப் பேசவில்லை. அப்புறம் அதுவே என் படிப்பாகிவிட்டது. கடை அப்ளிகேஷனிலும் கை தானாக அதையே எழுதியது. மேனேஜரிடம், "அம்மா வீட்டுப் பெட்டியில இருக்கு சார், எடுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்று நாள் அவர் படியேறி வரும்போதெல்லாம் நான் குனிந்து துணி அடுக்கினேன். நாலாம் நாள், அடுக்குவதற்கு எதுவும் மிச்சமில்லாமல் போனதும், கீழே போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். கையிலிருந்த பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார்.

"பெயிலானதுக்காக யாரையும் நிறுத்த மாட்டோம்மா. ஆனா பேப்பர் இல்லாம மேல ஏத்தவும் முடியாது. வைகாசி வரைக்கும் டைம் இருக்கு, பாத்துக்குங்க" என்றார்.

ஏழு மார்க்

மேனேஜரிடம் சொல்வது சுலபமான பாதி. கஷ்டமான பாதி மன்னார்புரத்தில் எங்கள் வீட்டில் இருந்தது. என் வீட்டுக்காரர் திருவெறும்பூரில் ஒரு பட்டறையில் வெல்டர். ஏழாம் வகுப்பு வரை படித்தவர். பத்தொன்பது வருஷமாகச் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் யாராவது மனு எழுத வேண்டும், பத்திரம் படிக்க வேண்டும் என்றால், "என் வீட்ல குடுங்க, அவ எஸ்.எஸ்.எல்.சி." என்று பெருமையாகச் சொல்கிறவர். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். எங்கள் மகள் பத்தாவது படித்தபோது, "நான் அந்தக் காலத்துலயே பாஸ் பண்ணினவ" என்று அவளைத் திட்டியும் இருக்கிறேன். அதை இப்போது எழுதும்போதுகூடக் கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீன் குழம்பு ஊற்றிவிட்டு, அவர் முதல் வாய் சாப்பிடுவதற்கு முன்னால் சொன்னேன். அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். "எந்தப் பாடம்?" என்றார். கணக்கு என்றேன். "எவ்வளவு?" இருபத்தெட்டு. முப்பத்தைந்து வாங்கினால்தான் பாஸ் என்பது அவருக்கும் தெரியும். விரலை மடக்கி எண்ணினார். பிறகு என்னைப் பார்த்தபோது அவர் கண்ணில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது.

"ஏழு மார்க்குக்காகவா பத்தொம்பது வருஷம் என்கிட்ட பயந்துகிட்டு இருந்த?" என்று கேட்டார்.

போட்டோ எடுக்கணும்

தனித்தேர்வர்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற சேவை மையத்துக்கு அவரே என்னை வண்டியில் கூட்டிக்கொண்டு போனார். ஒரு நாள் லீவு போட்டிருந்தார், சலவைச் சட்டை போட்டிருந்தார், பெண் பார்க்க வந்தபோது போட்டிருந்த மாதிரியே இருந்தார். பாடத்திட்டம் எல்லாம் மாறிவிட்டது, ஐந்து பாடத்தையும் புதிதாக எழுதிவிடுவதுதான் நல்லது என்று அங்கே இருந்த பெண் விளக்கமாகச் சொன்னாள். அறிவியலுக்குச் செய்முறை வகுப்புக்கும் தனியாகப் போக வேண்டுமாம். நான் தலையாட்டினேன். அவர் என்னைவிட வேகமாகத் தலையாட்டினார். எல்லாவற்றையும் டைப் அடித்து முடித்துவிட்டு, கேமராவைத் திருப்பி வைத்துக்கொண்டு, எங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் வாசல் வரைக்கும் எட்டிப் பார்த்தாள்.

"சரிம்மா, எழுதப் போற பொண்ணை உள்ள வரச் சொல்லுங்க, போட்டோ எடுக்கணும்."

டியூஷன்

கடையில் புத்தகம் படிக்கக் கூடாது. அதனால் துணிச் சுருளுக்கு நடுவில் வருகிற அட்டைகளில் சூத்திரங்களை எழுதி, துணி வெட்டுகிற மேஜைக்கு அடியில் சொருகி வைத்திருந்தேன். மீட்டர் கோலை எடுக்கும்போது ஒரு வரி, கத்தரியை எடுக்கும்போது ஒரு வரி. ஆவணி முகூர்த்தத்துக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு கல்யாணப் பெண் அம்மாவோடு வந்தாள். மைதிலி என்று பெயர். பதினாறு புடவை, பதினாறுக்கும் ரவிக்கைத் துணி பொருத்த வேண்டும். ஏழாவது புடவையில் என் அட்டை ஒன்று நழுவி அவள் காலடியில் விழுந்தது. எடுத்துப் பார்த்தாள். "அக்கா, இது தப்பாச்சே. ஏ ஸ்கொயர் மைனஸ் பி ஸ்கொயர்னா ரெண்டு அடைப்பாப் பிரியணும், ஒண்ணுல ப்ளஸ், ஒண்ணுல மைனஸ்" என்றாள். அவள் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் என்று அப்புறம்தான் தெரிந்தது.

அவ்வளவுதான். மாம்பழக் கலருக்கும் அரக்குக்கும் நடுவில் அவள் எனக்குக் காரணிப்படுத்தல் சொல்லிக் கொடுத்தாள். மயில்கழுத்துக்கு நான் துணி தேடும்போது ஒரு கணக்கு கொடுத்தாள், எடுத்துக்கொண்டு வருவதற்குள் மனசிலேயே போட்டுவிட்டு விடை சொன்னேன். சரி என்றாள். பதினாறு வயதில் எனக்கு அது ஏன் புரியாமல் போனது என்பதுதான் அன்றைக்குப் புரியவில்லை. போகும்போது போன் நம்பர் கொடுத்து, சந்தேகம் எதுவானாலும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்றாள். கல்யாணம் முடிந்து பெங்களூர் போன பிறகும் குரல் பதிவாகப் பதில் வந்துகொண்டே இருந்தது, பின்னணியில் குக்கர் விசிலோடு. துணி எடுக்க வந்த அன்றைக்கு அவள் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"ஏண்டி மைதிலி, நாம ரவிக்கைத் துணி எடுக்க வந்தோமா, டியூஷன் எடுக்க வந்தோமா?"

ஸ்தோத்திரம்

சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினால் தெப்பக்குளம் வருவதற்குள் ஒரு பாடத்தில் ஒரு பக்கம் மனப்பாடம் ஆகிவிடும். புத்தகத்தைத் திறந்தால் தலைசுற்றும், அதனால் கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். அன்றைக்குத் தாவர ஹார்மோன்கள். ஆக்சின், சைட்டோகைனின், ஜிப்ரல்லின், அப்சிசிக் அமிலம், எத்திலீன். வரிசை மாறாமல் இருக்க ஒரு ராகம் மாதிரி போட்டுக்கொண்டேன். பக்கத்து சீட்டில் நெற்றியில் பளிச்சென்று திருமண் இட்ட ஒரு பெரியவர், ஸ்ரீரங்கம் போகிறவர், கையைக் கட்டிக்கொண்டு பக்தியாகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. தெப்பக்குளத்துக்கு இறங்க வேண்டிய மெயின்கார்டு கேட்டில் நான் எழுந்தபோது அவரும் பாதி எழுந்து வழி விட்டார்.

"நன்னா சேவிக்கறேள்மா. ஆனா நான் கேட்டதே இல்லையே, இது யார் அருளிச்செய்தது?"

ராணி பிங்க்

செய்முறை வகுப்பு ஒரு பள்ளியின் ஆய்வகத்தில் நடந்தது. உயரமான ஸ்டூல்கள், பதினைந்து வயதுக் கால்களுக்குச் செய்தவை. மெஸ்ஸில் சமைக்கிற ஒரு அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் ஏறுவோம். எங்கள் ஏரியாவில் ஆட்டோ ஓட்டுகிற பீட்டரும் அந்த வகுப்பில்தான் பழக்கமானார். பத்தாவது சர்டிபிகேட் இருந்தால் வளைகுடாவில் டிரைவர் வேலைக்குப் போகச் சிக்கல் குறைவு என்பதற்காக எழுதுகிறவர். சோதனைக் குழாயை அவர் பிடித்திருக்கிற விதத்தைப் பார்த்தால் ஆட்டோவுக்கு ஆயில் ஊற்றுவது போலவே இருக்கும்.

ஒரு நாள் ஆளுக்கு ஒரு குழாயில் தெரியாத திரவம் கொடுத்தார் சார். அவருக்கு முப்பது வயது இருக்கலாம். பினாப்தலீன் இரண்டு சொட்டு விட வேண்டும், நிறம் மாறினால் காரம், மாறாவிட்டால் அமிலம். எங்கள் வரிசைக்கு வந்த திரவம் ரொம்ப நீர்த்துப் போயிருந்தது. எல்லோரும் மாறவில்லை, அமிலம் என்று எழுதினார்கள். நான் குழாயை வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினேன். புடவையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிற பழக்கம்தான். அடியில் ஒரு சாயல் தெரிந்தது. ராணி பிங்க்கைப் பத்துத் தடவை துவைத்தால் வருமே, அது. 'ராணி பிங்க், காரம்' என்று எழுதினேன். பீட்டர் என் நோட்டைப் பார்த்து, பரிதாபமாகத் தலையசைத்தார். சார் வந்தார், குழாயைத் தூக்கிப் பார்த்தார், இன்னொரு சொட்டு விட்டார். நன்றாகவே சிவந்தது. அந்த வரிசையில் நான் ஒருத்திதான் சரி. பள்ளிக்கூடத்தில் ஒரு விடை எனக்கு மட்டும் சரியாக இருந்தது அதுதான் முதல் தடவை. ஸ்டூலிலிருந்து இறங்குவதற்கு யாரையும் பிடிக்கத் தோன்றவில்லை.

சார் என் நோட்டை வாங்கிப் படித்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "மத்தவங்களுக்கு நிறமே தெரியலை, உங்களுக்குப் பேரே தெரியுது. ஆனா 'இளஞ்சிவப்பு'ன்னு மட்டும் எழுதுங்கம்மா, கடைப் பேரெல்லாம் வேணாம்."

இரண்டு கவுன்ட்டர்

அந்த வருஷம் பரீட்சை சரியாக ரம்ஜான் மாதத்தில் வந்து நின்றது. எங்கள் கடைக்கு ரம்ஜான் என்றால் மூன்றாவது மாடியில் நிற்க இடம் இருக்காது. மேனேஜர் பரீட்சை நடக்கிற ஐந்து காலைப் பொழுதுக்கு மட்டும்தான் அனுமதி கொடுத்தார், அவரையும் குறை சொல்ல முடியாது. என் பக்கத்துக் கவுன்ட்டர் உள்பாவாடை. அதில் ஜமீலா அக்கா. அவர்கள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மத்தியானம் அலமாரிகளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, என் சமூக அறிவியல் புத்தகத்தை அதன் மேல் வைத்து, "ரெண்டு மணி நேரம், எந்திரிக்காத" என்றார்கள். பரீட்சை முடிகிற வரைக்கும் தினமும் அப்படித்தான்.

அக்கா நோன்பு. ஒரு வாய்த் தண்ணீர் இல்லாமல் இரண்டு கவுன்ட்டரையும் பார்த்தார்கள். என் நாற்பது பச்சையும் அவர்களுக்குப் பழக்கமில்லை. தப்பான பச்சையை எடுத்துப் போட்டுவிட்டு, "இதுதாம்மா, வெளிச்சத்துல சரியாத் தெரியும்" என்று அடித்துச் சொல்வது எனக்குப் பின்னால் கேட்கும். ஒரு நாள் என்னால் தாங்க முடியவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வந்து, "போதும்க்கா, நீங்க போய்க் கொஞ்சம் உக்காருங்க, உதடெல்லாம் காஞ்சு கெடக்கு" என்றேன். அவர்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையில் இருந்த துணியை மடித்துக்கொண்டே பேசினார்கள்.

"நோன்பு திறக்கிற நேரத்துல உன் பேரையும் சேத்துத்தான் துஆ கேக்கறேன். படிக்காமப் போய் உக்காந்து என்னை அல்லா முன்னாடி கேவலப்படுத்திடாத, உள்ள போ."

கூடாரம்

கணக்குப் பரீட்சை அன்றைக்கு வினாத்தாளைக் கையில் வாங்கியதும் பதினாறு வயதில் வந்த அதே வியர்வை வந்தது. உள்ளங்கை ஈரத்தில் ஹால் டிக்கெட் ஒட்டிக்கொண்டது. படித்த ஒன்றும் படித்தது போலவே தெரியவில்லை. முதல் பத்து நிமிஷம் பேனாவைத் திறக்கவே இல்லை. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். வெளியே வாசலில் என் வீட்டுக்காரர் வண்டியோடு நின்றுகொண்டிருப்பார், அவரைக் கடந்து எப்படிப் போவது என்ற பயத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். தாளைத் திருப்பினேன். கூம்பு வடிவக் கூடாரம் ஒன்று. ஆரம் மூன்றரை மீட்டர், உயரம் பன்னிரண்டு மீட்டர். ஒன்றேகால் மீட்டர் அகலமுள்ள துணி எத்தனை மீட்டர் வேண்டும்?

துணி. யாரோ கவுன்ட்டருக்கு வந்து கேட்டது போல இருந்தது. பேனாவைத் திறந்தேன். சாயுயரம் பன்னிரண்டரை வந்தது, மைதிலியின் குக்கர் விசில்கூடக் காதில் கேட்டது. பெருக்கினேன், அகலத்தால் வகுத்தேன், பதினொரு மீட்டர் என்று விடை வந்தது. அடுத்த கணக்குக்குப் போகப் போனவள் நின்றேன். பன்னிரண்டு மீட்டர் உயரக் கூடாரத்துக்குப் பதினொரு மீட்டர் துணியா? உச்சியில் ஆரம்பித்தால் தரைக்கே வராதே! இப்படி யாராவது கடையில் துணி கேட்டால், "வீட்ல இன்னொரு தடவை கேட்டுட்டு வாங்கம்மா" என்று திருப்பி அனுப்பியிருப்பேன். மறுபடி வரி வரியாகப் பார்த்தேன். புள்ளியை ஓர் இடம் தள்ளி வைத்திருந்தேன். திருத்தினேன். நூற்றுப்பத்து மீட்டர். அதுதான் கூடாரம். அதற்குப் பிறகு பேனா நிற்கவில்லை. கடைசி மணி அடிக்கும்போதும் எழுதிக்கொண்டிருந்தேன், பரீட்சையில் எனக்கு நேரம் போதாமல் போனது அதுதான் முதல் தடவை.

வெளியே பீட்டர் ஆட்டோவில் சாய்ந்தபடி காத்திருந்தார். கூடாரத்துக்கு எவ்வளவு வந்தது என்று கேட்டார். நூற்றுப்பத்து என்றேன்.

"எனக்கு ரெண்டு மீட்டர்னு வந்துச்சுக்கா. அப்பவே நெனச்சேன், இதுல ஒரு லுங்கிதான் ஆகும்னு."

மூன்றாவது மாடிக்கு வந்தவர்

ரிசல்ட் வருகிற நாள் காலையில் கடை திறந்து அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. ஜமீலா அக்காவின் போனில் பதிவெண்ணைப் போட்டோம். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. பில்லிங், பேக்கிங், பட்டு செக்‌ஷன் எல்லாம் என் கவுன்ட்டரைச் சுற்றி நின்றது. வந்திருந்த இரண்டு வாடிக்கையாளர்களும் எதற்கு என்று தெரியாமலே சேர்ந்து நின்றார்கள். தமிழ் எழுபத்தெட்டு. ஆங்கிலம் நாற்பத்தேழு. கணக்கு ஐம்பத்தெட்டு. அதற்கு மேல் எனக்குக் கண் தெரியவில்லை, அறிவியல் அறுபத்தாறு, சமூக அறிவியல் எழுபத்தொன்று என்று ஜமீலா அக்காதான் படித்தார்கள். மொத்தம் முந்நூற்று இருபது. அக்கா என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்கள். நான் அழவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் பட்டு செக்‌ஷனில் எல்லோரும் பார்த்தார்கள்.

என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். எடுத்தார், கேட்டார், வைத்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து, பட்டறைச் சட்டையோடு, கையில் ஒரு ஸ்வீட் பெட்டியோடு மூன்றாவது மாடி ஏறி வந்தார். பதினோரு வருஷத்தில் அவர் கடைக்குள் வந்தது அதுதான் முதல் முறை. லிஃப்ட் இருப்பது தெரியாமல் படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. முதல் துண்டை மேனேஜருக்குக் கொடுத்தார், அடுத்தது ஜமீலா அக்காவுக்கு. கடைசியில் எனக்கு நீட்டியபோது அவர் விரலில் கிரீஸ் கறை இருந்தது. அப்படியே வாங்கிச் சாப்பிட்டேன்.

"நான் ஊரெல்லாம் சொன்னதைப் பொய்யில்லாம ஆக்கிட்ட. கொஞ்சம் லேட்டு, அவ்வளவுதான்" என்றார்.

மிச்சம் ஒன்று

பீட்டருக்கு நாலு பாடம் பாஸ், கணக்கில் முப்பத்தொன்று. ரிசல்ட் அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு, இறங்காமல் உட்கார்ந்திருந்தார். பெயிலான அன்றைக்கு மனுஷன் எப்படி இருப்பான் என்பது எனக்குத் தெரியாதா? அவரை அப்படியே விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். என் வருஷங்களே அதற்குச் சாட்சி. உள்ளே கூப்பிட்டு, காபி கொடுத்து, துணைத்தேர்வு விண்ணப்பத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டினேன். அதன் பிறகு தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் எங்கள் வீட்டில் கணக்கு. மைதிலி சொன்னதை நான் சொன்னேன், புரியாததை எல்லாம் ஆட்டோவை வைத்துச் சொன்னேன். சக்கரத்தின் சுற்றளவு, டேங்க்கின் கனஅளவு. என் வீட்டுக்காரரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்குப் பட்டறையில் இரும்புத் தகட்டைக் கூம்பாக வளைத்த அனுபவம் உண்டு, இரண்டு தடவை எங்களைத் திருத்தினார்.

துணைத்தேர்வு ரிசல்ட் வந்த அன்றைக்குக் கடை வாசலிலேயே ஹார்ன் அடித்துக்கொண்டு வந்து நின்றார் பீட்டர். மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தேன். கீழே தெருவில் நின்று, கூட்டம் பார்க்கிறதே என்ற கவலை இல்லாமல், கையை வாயில் குவித்துக் கத்தினார்.

"அக்கா, முப்பத்தாறு! ஒண்ணு மிச்சம்!"

பேட்ஜ்

துணைத்தேர்வுக்கு முன்னாலேயே, வைகாசியில் பழைய இன்சார்ஜ் அம்மாவுக்கு மாலை போட்டு அனுப்பினோம். மேனேஜர் என் மார்க்ஷீட் காப்பியை வாங்கி, தேவைக்கு அதிகமாகவே ரொம்ப நேரம் பார்த்தார். கணக்கு மார்க்கின் மேல் விரலை வைத்துத் தட்டினார். அடுத்த வாரம் பேட்ஜ் வந்தது. இன்சார்ஜுக்கு வேறு நிற யூனிபார்ம் புடவை, அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பையும் என்னிடமே விட்டார்கள். நான் எந்த நிறம் எடுத்தேன் என்று சொன்னால் கடையைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

முதல் நாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பழைய இன்சார்ஜ் அம்மா நிற்பது போல மாடியின் நடுவில் நின்றேன். கவுன்ட்டரில் இருந்த புதுப் பெண்களைக் கண்காணிக்கிறேன் என்று நினைப்பு. மார்பில் பேட்ஜ், அதில் என் பெயர். ஒரு அம்மா, வெங்காயத்தோல் நிறத்தில் ஒரு புடவையைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாக் கவுன்ட்டரையும் பார்த்துவிட்டு, நேராக என்னிடம் வந்தார்கள். பேட்ஜைப் படித்தார்கள், என்னை மேலும் கீழும் பார்த்தார்கள், புடவையை என் கையில் திணித்தார்கள்.

"நீங்க சும்மாத்தானேம்மா நிக்கிறீங்க, இதுக்கு ஒரு பிட் பாத்துக் குடுங்க. அந்தப் பொண்ணுங்க எல்லாம் படிச்ச பொண்ணுங்க, கலர் தெரியல."

ஆக, நண்பர்களே, பத்தாவது பாஸான பிறகு என் வாழ்க்கையில் பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை, "எது வரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்று யாராவது கேட்க ஆரம்பித்தால் அவர்கள் முடிப்பதற்குள் நான் பதில் சொல்லிவிடுகிறேன் என்பதைத் தவிர.